பென்சில் எழுத்தை யார் நம்புவார்

எங்கள் தெருமுனை ஸ்டேஷனரிக் கடைக்காரருக்கு என்னைக் கண்டாலே ஆகாது. பெங்களூர் தாசரஹள்ளியில் இருபது வருஷமாக அதே கடை, அதே ஆள். நான் போய் "ஒரு பென்சில் குடுங்க" என்றால் ஒரு டப்பாவையே தூக்கி முன்னால் வைத்துவிட்டு, "நீவே நோடி மேடம்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விடுவார். நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், என்னை விட்டுவிடுங்கள் என்று அர்த்தம்.

நான் பார்ப்பேன். ஒவ்வொன்றாக எடுத்து முதலில் அடிப்பக்கத்தைப் பார்ப்பேன். கரி நட்டநடுவில் இருக்கிறதா, ஓரமாக ஒதுங்கியிருக்கிறதா? ஒதுங்கியிருந்தால் எவ்வளவு அழகாகச் சீவினாலும் ஒரு பக்கம் மரம் எட்டிப் பார்க்கும், எழுதும்போது தாளைக் கீறும். பிறகு கண்ணாடி மேஜைமேல் உருட்டிவிடுவேன். வளைந்த பென்சில் நொண்டிக்கொண்டு போகும். கடைசியாக மூக்கருகே வைத்து மோந்து பார்ப்பேன். நல்ல மரத்துக்கு ஒரு வாசனை உண்டு. பெயிண்ட் வாசனை மட்டும் வந்தால் உள்ளே என்ன மரமோ, என்ன மாவோ, யார் கண்டார்? டப்பாவில் பன்னிரண்டு இருந்தால் மூன்றோ நாலோ தேறும். "மிச்சத்தை யார் வாங்குவாங்க?" என்று ஒருமுறை கேட்டார். "சந்தேகப்படாதவங்க வாங்குவாங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளமே. பீன்யாவில் ஒரு சின்னத் தொழிற்சாலை. பம்புக்குள் போகிற இரும்பு வளையம் செய்கிறார்கள். அதைப் புஷ் என்போம். கட்டைவிரல் உயரம் இருக்கும். நான் அங்கே இன்ஸ்பெக்ஷன் அறையில் உட்கார்ந்து அளவு பார்க்கிறவள். ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த மறுவருஷம் சேர்ந்தேன், இருபத்திரண்டு வருஷம் ஆகிவிட்டது. மணிக்கு ஒருமுறை ஒவ்வொரு மெஷினிலிருந்தும் ஐந்து புஷ் தட்டில் வரும். மைக்ரோமீட்டரில் வைத்து ஐந்தையும் அளந்து எழுத வேண்டும். வெளி விட்டம் இருபது மில்லிமீட்டர் இருக்க வேண்டியது. மில்லிமீட்டரை நூறாகப் பங்கு போட்டால் அதில் இரண்டு பங்கு கூடலாம், இரண்டு பங்கு குறையலாம். அதைத் தாண்டினால் ஆகாது. அந்த 'இரண்டு' என்பது தலைமுடியின் கனத்தில் பாதிகூட வராது. எங்கள் அறையில் யாரும் இருபதை எழுத மாட்டோம். கூட்டல் ஒன்று, கழித்தல் ஒன்று, சைபர் என்று வித்தியாசத்தை மட்டும் எழுதுவோம். கூட்டல் மூன்று வந்தால் நெஞ்சு திக்கென்கும்.

என் வீட்டுக்காரர் சொல்வார், "நான் பொண்ணு பாக்கப் போனப்பவே இவ என்னை மேலயும் கீழயும் அளந்துதான் பாத்தா" என்று. அளந்தேன்தான். அதிலென்ன தப்பு?

அந்த அளவுகளை நான் பென்சிலில் எழுதினேன். அங்கேதான் வம்பு.

எங்கள் தொழிலில் பென்சில் என்பது கெட்ட வார்த்தை. தரம் சம்பந்தப்பட்ட எந்தப் பதிவையும் பால்பாயிண்டில்தான் எழுத வேண்டும். தப்பாகிவிட்டால் ஒரே கோடு அடித்து, பக்கத்தில் எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். பென்சிலில் எழுதியது பதிவே இல்லை, ஏனென்றால் அழிக்கலாம். வருஷத்துக்கொருமுறை ஆடிட்டர் வருவார். வந்ததும் மெஷினைப் பார்க்க மாட்டார், மேஜை இழுப்பறையைத் திறந்துதான் பார்ப்பார், பென்சிலும் ரப்பரும் இருக்கிறதா என்று. அன்றைக்கெல்லாம் என் பென்சில் தொப்பிக்குள், கொண்டையில் செருகியபடி இருக்கும். ஆடிட்டர் என் எதிரில் நின்று "வெரி குட் மேடம்" என்று சொல்லிவிட்டுப் போன வருஷங்கள் உண்டு.

எதற்கு இந்தத் திருட்டுத்தனம் என்று கேட்பீர்கள். அந்த அறையில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். புஷ் எண்ணெய் சொட்டச்சொட்ட வரும். விரலெல்லாம் எண்ணெய், தாளெல்லாம் எண்ணெய். எண்ணெய் பட்ட தாளில் பால்பாயிண்ட் வழுக்கிக்கொண்டு போகும், மூன்று எழுத்துக்கு ஒரு எழுத்து விழாது, உதறி உதறித் தோள் வலிக்கும். பென்சிலுக்கு அந்தப் பிகுவெல்லாம் கிடையாது. எண்ணெயோ தண்ணீரோ, சொன்னபடி எழுதும். அதனால் என்னிடம் ஒரு ரஃப் நோட்டு இருந்தது. மணிக்கு மணி அதில் பென்சிலில் எழுதி வைப்பேன். ஷிஃப்ட் முடிகிறபோது கையைச் சோப்பு போட்டுக் கழுவிக்கொண்டு உட்கார்ந்து, ரிப்போர்ட் தாளில் பேனாவால் பார்த்து எழுதிவிடுவேன். மேனேஜருக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருப்பார்.

இது சாக்கு. உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பென்சிலில் எழுதப் பிடிக்கும், அவ்வளவுதான். காலையில் போனதும் முதல் வேலை சீவுவது. ஷார்ப்னரை நான் நம்புவதில்லை, உள்ளே வைத்துத் திருகும்போது கரியை ஒடித்துவிட்டு மேலே ஒன்றும் தெரியாத மாதிரி கூராக்கிக் கொடுக்கும். பாதி பிளேடுதான் சரி. நீளமாக, ஒரே சரிவாகச் சீவ வேண்டும். சுருள் அறுபடாமல் விழ வேண்டும். பிறகு முனையை ஒரு தாளில் லேசாகத் திருப்பித் திருப்பித் தேய்த்தால் சரக் சரக்கென்று அந்தச் சத்தம். அப்புறம் முதல் எண். புது முனையில் எழுதுகிற முதல் வரிக்கு ஈடு கிடையாது. மெதுவாக எழுதினால் வெளிறி விழும், கோபத்தில் எழுதினால் கறுத்து விழும். என் நோட்டைத் திருப்பினாலே எந்த நாள் வீட்டில் சண்டை என்று சொல்லிவிடலாம். பேனாவுக்கு எல்லா நாளும் ஒரே மூஞ்சி. அந்த வெறிபிடித்த மெஷின் சத்தத்துக்கு நடுவில் என் கைக்குள் மட்டும் ஒரு அமைதி இருந்தது, அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். அவர் கன்னடக்காரர், இத்தனை வருஷம் எங்களோடு பழகித் தமிழ் நன்றாகவே பேசுவார். மேஜைமேல் ஒரு பெட்டி புஷ் திரும்பி வந்திருந்தது. "ஏனு மேடம் இது? ஒரு மணி நேரச் சரக்கு பூரா பெருசா இருக்கு. பம்புக்குள்ள போகவே இல்லையாம்." பெட்டிச் சீட்டில் மெஷின் நம்பரும் நேரமும் இருந்தன. நாலாம் நம்பர் லேத் என்கிற கடைசல் மெஷின், முந்தின வாரம், காலை பதினொரு மணிக்கு மேல் ஓடிய சரக்கு.

ரிப்போர்ட்டை எடுத்தோம். பதினொரு மணிக்கு ஐந்து புஷ்ஷும் சரி என்று என் கையெழுத்தில் இருந்தது. மேனேஜர் கையை நீட்டினார். நான் ரஃப் நோட்டைக் கொடுத்தேன். அந்த நோட்டின் கடைசிப் பக்கம் அது. மறுநாளே புது நோட்டு ஆரம்பித்துவிட்டேன். அவர் தாளை ட்யூப்லைட்டுக்கு நேரே சாய்த்தார். நாலாம் நம்பருக்கான பதினொரு மணி வரியில் மூன்றாவது இடத்தில் கூட்டல் ஒன்று என்று இருந்தது. அதற்கடியில் சாம்பல் நிறத்தில் ஒரு தேய்ப்பு. முன்னே எழுதியதை யாரோ ரப்பரால் அழித்துவிட்டு மேலே எழுதியிருந்தார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "இது நான் இல்ல சார்" என்றேன்.

"நீங்க அழிக்கிறது உண்டுதானே?"

"உண்டு சார். அளவு தப்பா வந்தா முதல்ல புஷ்ஷைச் சந்தேகப்பட மாட்டேன். பிசிறு ஏதாவது ஒட்டியிருக்கும், பனியன் துணியால துடைச்சுட்டு மறுபடி அளப்பேன். அப்ப பழசை அழிச்சுட்டுப் புதுசை எழுதுவேன். நான் அழிச்சிருந்தா மறுபடி அளந்திருப்பேன். மறுபடி அளந்திருந்தா சரியா எழுதியிருப்பேன். இது தப்பா இருக்கு. அப்ப அழிச்சது நான் இல்ல."

சொல்லும்போது எனக்கே பெருமையாக இருந்தது. வக்கீல் மாதிரி பேசினேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்படியானால் யார்? நாலாம் நம்பர் லேத்தை ஓட்டுகிறவன் ஓசூர்க்காரன். நாற்பது வயதிருக்கும், இரண்டு பெண் பிள்ளைகள். பத்து வருஷமாக என்னை அக்கா என்று கூப்பிட்டு, என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டு, என் ஊறுகாயைக் கேட்காமல் எடுக்கிறவன். லேத்தில் இரும்பைச் சீவுகிற டூல் மொக்கையானால் புஷ் பெரிதாக வரும். அதைக் கவனித்து மாற்ற வேண்டியது அவன் பொறுப்பு. மாற்றாமல் ஓட்டினது தெரிந்தால் அவனுக்குத்தான் கெடுதி. இந்தக் கணக்கு என் மண்டையில் ஓடிய வேகத்தில் இன்னொன்றும் ஞாபகத்துக்கு வந்தது. அன்றைக்குப் போன் வந்து நான் வெளியே போய்ப் பேசிவிட்டுத் திரும்பியபோது அவன் என் மேஜையருகே நின்றிருந்தான். கை மேஜைமேல் இருந்தது.

"சார்" என்றேன், "நான் இல்லாதப்ப அவன் என் ரூம்ல இருந்தான்."

அவனைக் கூப்பிட்டார்கள். காதில் பென்சில் செருகியபடி வந்தான். நான் கொடுத்த பென்சில்தான், மெஷினில் அடையாளம் போட. நோட்டைக் காட்டியதும் குனிந்து பார்த்தான். உடனே சொல்லிவிட்டான்.

"அக்கா, அன்னிக்கு மூணாவது பீஸ் கூட்டல் நாலு வந்துச்சு. நீங்க வட்டம் போட்டீங்க. நான் பக்கத்துலதானே நின்னேன். 'பிசிறுதான், துடைச்சுப் பாத்துச் சொல்றேன், நீ போ'ன்னீங்க. மறுபடி வந்து கேட்டேன். அப்புறம் வாசல்ல நின்னு 'ஓகே, ஓட்டு'ன்னு கை காட்டினீங்க. அதனாலதான் ஓட்டினேன்."

வட்டத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். துடைத்துவிட்டு மறுபடி அளக்க வேண்டிய எண்ணைச் சுற்றி நான் ஒரு சின்ன வட்டம் போடுவேன். உட்கார்ந்து அளக்கும்போது எண்ணையும் வட்டத்தையும் சேர்த்து அழித்து இடத்தைச் சுத்தமாக்கிக்கொள்வேன். அது எனக்கும் என் நோட்டுக்கும் மட்டுமான சங்கதி. யாரிடமும் சொன்னதில்லை. இவனுக்கு எப்படித் தெரிந்தது? அப்போ இத்தனை நாளாக என் நோட்டை நோட்டம் விட்டிருக்கிறான்! என் அடையாளமெல்லாம் தெரிந்தவனுக்கு என் கையெழுத்து வராதா? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு அன்றைக்கு வெளிச்சமும் பேயாகத்தான் தெரிந்தது.

"வட்டமா? எங்கப்பா வட்டம்? காட்டு பாப்பம்" என்றேன். சத்தமாகச் சொன்னேன்.

தாளில் வட்டம் இல்லை. அவன் தாளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "போட்டீங்க அக்கா" என்றான், அவ்வளவுதான்.

அவன் கான்ட்ராக்ட் ஆள். கேட்டுக்கு வெளியே நிறுத்த ஒரு போன் போதும். கூப்பிடுகிற வரைக்கும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கூப்பிட மாட்டார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். போகும்போது காதிலிருந்த பென்சிலை எடுத்து என் மேஜையில் வைத்துவிட்டுப் போனான். நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்தப் பென்சிலால் ஒரு தாளில் கூட்டல் ஒன்று எழுதி, நோட்டில் இருந்ததோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். அதே கறுப்பு! மாட்டிக்கிட்டான் என்று நினைத்தேன். அவன் பென்சிலும் என் பென்சிலும் ஒரே டப்பாவிலிருந்து வந்தவை என்று அந்த நேரத்தில் தோன்றவில்லை. அந்த 'ஒன்று' என் எழுத்தை அச்சாக உரித்து வைத்திருந்தது. எவ்வளவு நாள் பழகியிருப்பான் என்று வியந்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மேனேஜர் ரஃப் நோட்டை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "இதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க மேடம். இனிமே இங்க பென்சில் கண்ணுல படக் கூடாது." கொண்டுவந்து பீரோவில் வைத்தேன்.

அந்த வாரம் பேக்கிங் பெண்கள் யாரும் என்னோடு சாப்பிட உட்காரவில்லை. நேராக ஒருத்தியும் ஒன்றும் கேட்கவில்லை. நான் வந்ததும் பேச்சு நிற்கும். ஒருத்தி மட்டும், "பத்து வருஷம் கூடச் சாப்பிட்டவன் அக்கா" என்றாள், என் டப்பாவைப் பார்த்துக்கொண்டே. எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. என்னைப் பொய்க்காரி என்கிறீர்களா? ஆதாரத்தோடு மூஞ்சியில் எறிகிறேன் பாருங்கள் என்று வைராக்கியம். பென்சிலை அழிக்கலாம், அழுத்தத்தை அழிக்க முடியாது. நான் அழுத்தி எழுதுகிறவள். எழுதிய தாளுக்கு அடியில் இருக்கிற தாளில் பள்ளம் விழுந்திருக்கும். அந்தப் பக்கத்துக்கு அடியில் அட்டைக்கு முன்னால் ஒரு வெள்ளைத் தாள் இருந்தது. அதன்மேல் மென்மையான பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால், பள்ளமெல்லாம் வெள்ளையாக நிற்கும். சின்ன வயதில் காசின்மேல் தாளை வைத்துத் தேய்ப்போமே, கிட்டத்தட்ட அதேதான். அவன் கையெழுத்தின் அழுத்தம் வேறு, என் அழுத்தம் வேறு. அகப்பட்டுவிடுவான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பாடு முடிந்து வீட்டுக்காரர் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தார். நான் ஜன்னலோரம் நோட்டோடு உட்கார்ந்தேன். இருந்ததிலேயே நல்ல பென்சிலை எடுத்து, கரி விரல் நகம் அளவுக்கு வெளியே தெரிகிற மாதிரி சீவி, தாளின் மேல் மூலையிலிருந்து படுக்கவைத்துத் தேய்க்க ஆரம்பித்தேன். சும்மா சொல்லக் கூடாது, அந்த வேலை அவ்வளவு சுகம். அழுத்தவே கூடாது. பென்சிலின் கனம் மட்டும் தாள்மேல் போய்வர வேண்டும். சாம்பல் நிறம் பட்டுப்போல விரிந்துகொண்டே வந்தது. எட்டு மணி வரி வந்தது, ஒன்பது வந்தது, பத்து வந்தது. என் எண்களெல்லாம் வெள்ளை வெள்ளையாக எழுந்து நின்றன. ஒருத்தனைக் கவிழ்க்கப் போகிறேன் என்பதையே மறந்து கொஞ்ச நேரம் ரசித்துக்கொண்டிருந்தேன்.

"என்ன, படம் வரையறியா?" என்றார் வீட்டுக்காரர்.

"ஆமா, வரையறேன்" என்றேன்.

பதினொரு மணி வரி வந்தது. மூன்றாவது இடம். கூட்டல் நாலு. அதைச் சுற்றி வட்டம்.

வட்டம் முடிகிற இடத்தில் ஒரு சின்ன வால் இருந்தது. நான் பென்சிலைத் தூக்கும்போது விழுகிற வால். அதன்மேலேயே கூட்டல் ஒன்று, அதே அழுத்தம், அதே சாய்வு. பொய்யாக எழுதுகிறவன் தயங்கியிருப்பான். இந்தக் கை தயங்கவே இல்லை.

ஓரத்தில் இன்னும் கொஞ்சம் தேய்த்தேன். நாலு எண்கள் வரிசையாக எழுந்தன. அளவு இல்லை. முதலில் என்னவென்று புரியவில்லை. புரிந்ததும் பென்சிலைக் கீழே வைத்தேன். அது கேஸ் சிலிண்டர் கோட். அன்றைக்கு வீட்டுக்குச் சிலிண்டர் கொண்டுவந்த ஆள் போன் செய்தான், போனுக்கு வந்த நம்பரைச் சொன்னால்தான் கொடுப்பேன் என்று. நம்பரை நோட்டின் ஓரத்தில் எழுதி மனசில் ஏற்றிக்கொண்டு, மெஷின் சத்தத்தில் கேட்காது என்று நோட்டை மேஜையிலேயே விட்டுவிட்டு வெளியே ஓடினேன்.

எல்லாம் வந்துவிட்டது. மூன்றாவது புஷ்ஷுக்கு வட்டம் போட்டேன். மறுபடி அளக்க உட்கார்ந்தேன். எண்ணையும் வட்டத்தையும் அழித்தேன். துணியைக் கையில் எடுத்தேன், போன் அடித்தது. திரும்பி வரும்போது அவன் நின்றிருந்தான்; என்ன ஆச்சு என்று கேட்கத்தான் வந்திருக்கிறான். "போப்பா, சொல்றேன்" என்று விரட்டினேன். உட்கார்ந்து தட்டிலிருந்து ஒரு புஷ்ஷை எடுத்துத் துடைத்து அளந்தேன். ஏற்கெனவே அளந்து சரியென்று வைத்ததில் ஒன்றை எடுத்திருக்கிறேன்! கூட்டல் ஒன்று. எழுதினேன். ஓரத்து நம்பரையும் அழித்தேன். வாசலில் நின்று ஓட்டு என்று கை காட்டினேன். ஒரு நாளைக்கு நாற்பது தடவை செய்கிற காரியம், அதனால்தான் ஒரு தடவை செய்ததும் நினைவில் தங்கவில்லை. அவன் மேஜைமேல் கை வைத்து நின்றது மட்டும் தங்கியது.

போய்த் தண்ணீர் குடித்தேன். வந்து பார்த்தால் வட்டம் அப்படியே இருந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிடலாம் என்று தோன்றியது. தோன்றியது என்ன, கையை வைத்தேவிட்டேன். எனக்கு ஐம்பது வயது நெருங்குகிறது. இந்த வயதில் பீன்யாவில் வேறு எந்த கேட்டில் போய் நின்றாலும் உள்ளே விட மாட்டார்கள். மகள் காலேஜில் இருக்கிறாள். அவனுக்கென்ன, லேத் ஓட்டத் தெரிந்தவன், எங்கேயாவது பிழைத்துக்கொள்வான் என்று மனசு நியாயம் பேசியது. தாளின் ஓரம் கால் அங்குலம் கிழிந்திருக்கும். அப்போதுதான் "போட்டீங்க அக்கா" என்று அவன் சொன்ன குரல் கேட்டது. கத்தவில்லை அவன். என்னைத் திட்டவும் இல்லை. என் மேஜையில் தினம் தின்றுவிட்டு இத்தனை மரியாதையாக ஒருத்தன் பேசியதை, நான் கள்ளத்தனம் என்று நினைத்திருக்கிறேன். நோட்டை மூடிப் பைக்குள் வைத்தேன். அழுதேன், ஆமாம். டி.வி. சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை மேனேஜர் அறைக்குப் போய் நோட்டை விரித்து வைத்தேன். ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார்.

"அவன் வீட்டம்மா உங்க வீட்டுக்கு வந்தாளா மேடம்?"

"யாரும் வரல சார்."

"வந்து அழுதிருப்பா. உங்களுக்கு மனசு கேக்கல. புரியுது. விட்டுடுங்க மேடம். லேத் ஆள் மேல தப்புன்னு கஸ்டமருக்கு லெட்டர் போயாச்சு."

"சார், வட்டத்தைப் பாருங்க. அவன் சொன்ன வட்டம்."

அவர் தாளை வெளிச்சத்துக்குக் காட்டினார். அதே மாதிரி, ட்யூப்லைட்டுக்கு நேரே. பிறகு மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "பென்சில்தானே மேடம். நேத்து வீட்ல உக்காந்து நீங்களே போட்டிருக்கலாம்."

வந்த கோபத்தில், "நான் தப்பாச் சொன்னப்ப ஒரு கேள்வி கேக்காம நம்பினீங்க சார், இப்ப உண்மையைச் சொல்றேன், நம்ப மாட்டேங்கறீங்களே!" என்று கத்திவிட்டேன். வெளியே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஆனால் கத்தும்போதே தெரிந்தது, அவர் இடத்தில் நான் இருந்தாலும் இதையேதான் கேட்டிருப்பேன். இன்னும் மோசமாகக் கேட்டிருப்பேன்.

அவர் பையிலிருந்த பால்பாயிண்டை நானே எடுத்தேன். ஒரு வெள்ளைத் தாளில், அந்த ஒரு மணி நேரச் சரக்கு என் தவறால் போனது, தவறான புஷ்ஷை அளந்து எழுதியது நான், லேத் ஓட்டியவர் மேல் குற்றமில்லை என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதி போட்டேன். இருபத்திரண்டு வருஷத்தில் நான் எழுதியதிலேயே அசிங்கமான எழுத்து அதுதான். பேனா இரண்டு இடத்தில் வழுக்கியது. "இது பேனா சார். அழிக்க முடியாது" என்றேன். அவர் அதைப் படித்துவிட்டு ஃபைலில் வைத்தார்.

நான்கு நாள் கழித்து எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வேலை போகவில்லை, அளவு பார்க்க வேறு ஆள் இல்லை என்பதால். அதற்கடுத்த நாள் அவனைக் கூப்பிட்டார்கள். மொத்தம் பத்து நாள் அவன் வீட்டில் இருந்தான். அந்தப் பத்து நாளில் மூன்று தொழிற்சாலைகளில் போய் நின்றானாம். பழைய இடத்தில் ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்டார்களாம், அளவைத் திருத்தினதாகச் சொன்னார்கள் என்று உண்மையைச் சொன்னானாம். இதைப் பேக்கிங் பெண்தான் எனக்குச் சொன்னாள்.

வந்த அன்று காலையிலேயே கேட்டருகே காத்திருந்தேன். ஆட்கள் போய்வருகிற நேரம், எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும் என்றுதான். "தப்பு என்னுதுப்பா. உன்மேல அபாண்டமாப் பழி போட்டேன். என்னை மன்னிச்சிடு" என்றேன். காலில் விழச் சொல்லியிருந்தால் விழுந்திருப்பேன். "பரவால்ல அக்கா, விடுங்க" என்றான். சிரிக்கக்கூடச் செய்தான். நெஞ்சிலிருந்து பாறை இறங்கிய மாதிரி இருந்தது. அன்று மத்தியானம் ஊறுகாயைத் திறந்து வைத்துக் காத்திருந்தேன். அவன் லேத் பக்கத்திலேயே ஸ்டூலைப் போட்டுச் சாப்பிட்டான். மறுநாளும் அப்படித்தான்.

பென்சிலை நான் விட்டுவிடவில்லை. வீட்டில் எழுதுகிறேன், இதையும் அதில்தான் எழுதுகிறேன். இன்றைக்கு மட்டும் இரண்டு முறை சீவியாகிவிட்டது. வேலையிடத்தில் பேனாதான். ரஃப் நோட்டு கிடையாது. அளந்த உடனே, எண்ணெயைத் துடைத்துத் துடைத்து, நேராக ரிப்போர்ட் தாளிலேயே எழுதுகிறேன்.

மணிக்கு ஒருமுறை அவன் தட்டைக் கொண்டுவந்து வைக்கிறான். முன்னே மாதிரி பேச்சுக் கொடுப்பதில்லை, நின்று பார்க்கிறான். ஐந்தையும் அளந்து எழுதி முடித்ததும் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து அந்த வரியை ஒரு போட்டோ எடுத்துக்கொள்கிறான். முதல் நாள், "தப்பா நினைச்சுக்காதீங்க அக்கா" என்றான். இப்போது அதுவும் சொல்வதில்லை. எண்களை என் கை மறைத்துக்கொண்டிருந்தால், "கையைக் கொஞ்சம்" என்கிறான். நான் கையை எடுத்துக்கொள்கிறேன்.